சொல்லாமல் விட்ட பாடம்

பாவாயியின் மகள் அம்சவேணிக்கு அறிவியல் புத்தகம் முழுக்க மனப்பாடம். முதல் பக்கத்தில் ஆரம்பித்துவிட்டால் கடைசிப் பக்கம் வரைக்கும் மூச்சு வாங்காமல் ஒப்பிப்பாள். நடுவில் புகுந்து ஏதாவது கேட்டால்தான் தகராறு. இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால், அந்தப் பாடத்தின் முதல் வரியிலிருந்து உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அறை வருகிற இடத்தில் நின்று, “நாலு” என்பாள். அதற்குள் கேட்டவர் எழுந்து போயிருப்பார். பரீட்சைத் தாளும் அப்படித்தான் எழுந்து போய்விட்டது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஏப்ரலில் எழுதினாள். அறிவியலில் இருபத்தொன்பது, கணக்கில் முப்பத்தொன்று. அக்டோபரில் அந்த இரண்டையும் மறுபடி எழுதினாள். அறிவியல் மூன்று மார்க் ஏறியது, கணக்கு ஐந்து மார்க் இறங்கியது.

சோளக்காட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, பலாமரங்களுக்குள் இரண்டு மைல் நடந்தால் மூங்கில்வளவு. இருபத்திரண்டு வீடு. அந்த வளவில் பத்தாம் வகுப்பில் பெயிலான முதல் ஆள் அம்சவேணிதான். அதற்கு முன்னால் யாரும் பெயிலாகிற அளவுக்குக்கூடப் போனதில்லை. பாவாயிக்கு இவளுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் இரண்டும் தங்கவில்லை. தங்கியது இது ஒன்று. இதைக் காலாகாலத்தில் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. புருஷன் காளியண்ணன்தான் கேட்கவில்லை.

காளியண்ணனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அவருக்கு எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி இருக்கும். காரவள்ளியிலிருந்து எழுபது வளைவும் ஏறி வருகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, “ஏனுங்க, எறங்கறப்பவும் எதுக்குங்க கியரு?” என்று கேட்பார். சோளக்காட்டு மிளகு வியாபாரியிடம், “இந்த மொளகு கப்பல்ல போற ஊருல, அவுங்க இத எதுலங்க போட்டுத் திம்பாங்க?” என்று கேட்பார். வியாபாரிகள் அவருக்குக் கேள்விக் காளியண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதற்கும் சிரிப்பார்.

அந்தக் கார்த்திகையில் செம்மேட்டுச் சந்தைக்குப் போய்விட்டு வந்தபோது காளியண்ணன் மகளுக்கு மிக்சர் வாங்கி வந்தார். மிக்சர் தீர்ந்ததும் அம்சவேணி அந்தப் பொட்டலத் தாளை விரித்துப் பார்த்தாள். ஏதோ பழைய பத்திரிகைத் தாள். ‘மாணவர்கள் நன்றாகப் படிக்கப் பத்து வழிகள்’ என்று தலைப்பு. எண்ணெய் ஊறி எழுத்து மறுபக்கம் தெரிந்தது. ஏழாவது வழிக்குக் கீழே தாள் கிழிந்திருந்தது.

“என்ன கண்ணு போட்டிருக்குது? சத்தமாப் படி” என்றார் காளியண்ணன்.

அம்சவேணி படித்தாள். படிப்பதற்கென்று தனி அறையும் மேசையும் நல்ல வெளிச்சமும் இருக்க வேண்டும் என்றது முதல் வழி. காலையில் ஒரு டம்ளர் பாலும் நாலு பாதாம் பருப்பும் என்றது இரண்டாவது. பாவாயி அடுப்பில் களி கிண்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். ஒரே அறை வீடு. அதில் பாதியை நெல்லும் சாமையும் அடைத்திருந்தன. மீதியில் மூன்று பேர்.

“சிரிக்காத புள்ள. மிச்சத்தக் கேப்போம்” என்றார் காளியண்ணன்.

மிச்சத்தில் விஷயம் இருந்தது. திரும்பத் திரும்பப் படிப்பதால் பயனில்லை. ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப்பார். எது வரவில்லையோ அதை மட்டும் திறந்து படி. இன்று படித்ததை நாளை ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை நினைத்துப்பார். ஏழாவது வழி: படித்ததை, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு உன் சொந்த வார்த்தையில் சொல்லிக்கொடு. அவருக்குப் புரியாவிட்டால் உனக்கும் புரியவில்லை என்று அறிக.

அம்சவேணி நிமிர்ந்தாள். “ஒண்ணுமே தெரியாத ஆளுக்கு எங்கப்பா போறது?”

“ஏங் கண்ணு, நானில்லையா?” என்றார் காளியண்ணன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு மாறிவிட்டது. நாள்காட்டித் தாள்களில் அம்சவேணி முன்கூட்டியே பாடத்தின் பெயரை எழுதி வைத்தாள். காலையில் தாளைக் கிழிக்கும்போது அன்றைக்கு எந்தப் பாடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று தெரியும். ஒப்பிக்கிற சத்தம் நின்று போயிற்று. பக்கத்தைப் படித்துவிட்டு மூடுவாள், சிலேட்டில் எழுதுவாள், திறந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். முதல் வாரத்தில் பாதிக்குமேல் தப்பு. இரண்டு வருஷம் தலைகீழாக ஒப்பித்த பாடம், தன் வாயால் சொல்லப்போனால் நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அழுதாள்.

“அழுவாத. வந்த எடத்த விட்டுரு. வராத எடத்த மட்டும் பாரு” என்றார் காளியண்ணன். தெரிந்ததைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்றும், அந்தச் சுகத்தில்தான் இத்தனை நாள் ஏமாந்தோம் என்றும் அம்சவேணி பின்னால் சொன்னாள்.

தை பிறந்ததும் மிளகு பறிப்பு தொடங்கியது. காளியண்ணனுக்குச் சொந்தத்தில் ஒன்றரை ஏக்கர். அதில் நூற்றுப்பத்து சில்வர் மரம். ஒவ்வொரு மரத்தையும் மிளகுக்கொடி முப்பது அடி உயரத்துக்குச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கிளையை ஒரு சாண் விட்டு வெட்டிய ஏணி. அதை மரத்தில் சாய்த்துக் கட்டிவிட்டு, இடுப்பில் சாக்குப்பையோடு காளியண்ணன் ஏறுவார். சரத்தை உருவி உருவிப் பையில் போடுவார். கீழே சிந்துவதை அம்சவேணியும் பாவாயியும் பொறுக்க வேண்டும். காலைப் பனி இலையெல்லாம் சொட்டும். பத்து மணி வரைக்கும் மேலே இருக்கிற ஆள் மூடுபனியில் மங்கலாகத்தான் தெரிவார். குரல் மட்டும் தெளிவாக வரும்.

“ஆரம்பி கண்ணு” என்று மேலேயிருந்து குரல் வரும்.

அம்சவேணி தரையில் குனிந்து சரம் பொறுக்கிக்கொண்டே சொல்வாள். “எலைக்குப் பச்ச நெறம் இருக்குதில்லப்பா, அந்தப் பச்சதான் சமையல்காரன். வேருலருந்து தண்ணி வரும். காத்து எலைக்கு அடியில இருக்கற ஓட்ட வழியா உள்ள போவும். வெயிலுதான் அடுப்பு. மூணுஞ் சேந்தா எலைக்குச் சாப்பாடு.”

சிறிது நேரம் மேலே சரம் உருவுகிற சத்தம்தான் கேட்கும். பிறகு, “அப்பறம் ராத்திரில? அடுப்பு இல்லயே. எல என்னத்தத் திங்கும்?”

அம்சவேணி நிமிர்ந்து நின்றுவிடுவாள். புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. “தெரியிலப்பா.”

“தெரியிலன்னா பாத்துட்டு வந்து சொல்லு. எனக்கு என்ன அவசரம்.”

இரண்டு நாள் அதே யோசனையாகத் திரிந்தாள். சனிக்கிழமை செம்மேட்டுக்குப் போய்ப் பழைய பள்ளிக்கூடத்துத் தனசேகரன் வாத்தியாரைப் பார்த்துக் கேட்டாள். பரீட்சையில் வராத கேள்வி என்று முதலில் சொன்ன வாத்தியார், அப்புறம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். திங்கட்கிழமை ஏணியடியில் நின்று கத்தினாள். “அப்பா! பகல்ல ஆக்குனதுல மிச்சத்த மாவா ஆக்கிச் சேத்து வெச்சுக்குமாம். ராத்திரி அதத் திங்கும். வேருலகூடச் சேத்து வெக்குமாம்.”

மேலே சத்தம் நின்றது. “அப்ப நாம திங்கற குச்சிக்கெழங்கு...?”

“ஆமாப்பா. செடி அதுக்குன்னு வெச்சிருந்தது.”

“அடக் கெரகமே! அதத்தான் புடுங்கித் திங்கறமா?” காளியண்ணன் மரத்தின் மேலிருந்து சிரித்தது பக்கத்துக் காட்டு அர்த்தனாரிக்குக் கேட்டது. அர்த்தனாரி காளியண்ணனின் பங்காளி. “என்னப்பா, அப்பனும் புள்ளையும் தெனமும் பள்ளிக்கூடம் நடத்தறீங்க?” என்று அங்கிருந்தே கேட்டார்.

பாவாயிக்கு இதெல்லாம் காதில் ஈ மொய்க்கிற மாதிரி இருந்தது. பேச்சில் வேலை ஓடவில்லை. போன வருஷம் ஒரு நாளைக்கு மூன்று மரம் முடிந்தது, இந்த வருஷம் இரண்டுதான் முடிகிறது. “ஏனுங்க, வாயப் பாக்கறதா கையப் பாக்கறதா? பொழுதோட மானம் மூடுனா மொளகு பூசணம் பூத்துப் போவுமுங்க” என்பாள்.

“கையி அது பாட்டுக்குப் போவுது புள்ள. நீயும் கேளு. நல்லா இருக்குது.”

“எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்களே கேளுங்க.”

அவளுக்கு விளங்கவில்லைதான். ஆனால் ஒன்று தெரிந்தது. மகளின் முகம் மாறியிருந்தது. பெயிலான நாளிலிருந்து வளவு வழியே தலைகுனிந்து போன பெண், இப்போது கேள்வி கேட்ட ஆளை நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். கணக்குக்கும் இதே கதை. உருளையின் கன அளவைக் காளியண்ணனுக்கு மூங்கில் குழாயை வைத்துச் சொன்னாள். குழாயில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்து, அவள் போட்ட கணக்கும் தண்ணீரும் ஒன்றாக வந்தபோது, அப்பனும் மகளும் ஏதோ திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி வாசலில் நின்றார்கள். மாசி முடிவதற்குள் கணக்கு முடிந்தது. அறிவியலில் கடைசி இரண்டு பாடம்தான் பாக்கி. இந்தத் தடவை பாஸ் பண்ணிவிடுவாள் என்று பாவாயிக்கே தோன்றிவிட்டது.

பங்குனி இரண்டாம் தேதி. கடைசி வரிசை மரங்கள். அன்றைக்குக் காற்று அதிகம். காளியண்ணன் இருபது அடிக்கு மேல் இருந்தார். அம்சவேணி இதயப் பாடத்தை மூன்றாவது சுற்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடும்? ரெத்தம் மட்டும் எப்பிடித் தலைக்கு ஏறுது?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அம்சவேணி சொன்னாள். காற்றில் இலைகள் இரைந்தன.

“என்ன? காதுல உழுவுல கண்ணு.”

அம்சவேணி இன்னொரு தடவை சொன்னாள்.

“என்னங் கண்ணு?” என்று அவர் கொடியிலிருந்து கையை விட்டுவிட்டு, ஏணியைப் பிடிக்காமல், காதைக் கீழ்ப்பக்கம் சாய்த்ததைப் பாவாயி பார்த்தாள். அடுத்தது அவளுக்குச் சத்தமாகத்தான் நினைவிருக்கிறது. காளியண்ணன் கத்தவில்லை. கொடி அறுந்த சத்தமும், பாறையில் சாக்குமூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தமும்தான்.

விழுந்தவருக்கு ரத்தமில்லை. கண் திறந்திருந்தது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்புக்கு மேலே மட்டும் அசைந்தது. அர்த்தனாரி ஓடிவந்தார். நாலு பேர் போர்வையில் தூளி கட்டி ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். சோளக்காட்டில் ஒரு காய்கறி வேன் கிடைத்தது. செம்மேட்டு ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

எழுபது வளைவு. வேனில் முட்டைக்கோஸ் இலை நசுங்கிய நாற்றம். காளியண்ணனின் தலை மகள் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. கால் இரண்டும் தனியாகச் சரிந்தன. அம்சவேணி அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, இங்க பாருங்க, பேசுங்கப்பா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முப்பதாவது வளைவோ நாற்பதாவது வளைவோ, பாவாயிக்கு அடக்க முடியாமல் வந்துவிட்டது.

“வாய மூடுடி! பேசிப் பேசித்தான் அவர இந்தக் கதிக்குக் கொண்டாந்துட்ட. உம் படிப்புல மண்ணு உழுவ!”

அம்சவேணி வாயை மூடினாள். சொன்ன மறுகணமே அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதா என்று பாவாயிக்கு இருந்தது. வேன் அடுத்த வளைவில் திரும்பியது.

கீழே ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு நொறுங்கியிருக்கிறது, உள்ளேயும் அடிபட்டிருக்கிறது, படுத்தபடி இருக்க வேண்டும், ஆறு மாசம் போகட்டும் பார்க்கலாம் என்றார். பாவாயி அதிலிருந்து ஆறு மாசம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். பங்குனி, சித்திரை என்று விரல் விட்டாள். புரட்டாசி வந்தது. புரட்டாசியில் எழுந்துவிட்டால் தையில் மரம் ஏறிவிடலாம்.

வார்டு வெக்கை மலைக்காரர்களுக்குத் தாங்கவில்லை. பாவாயி கட்டிலுக்கடியில் ஈரத்துணியை விரித்துப் படுத்தாள். அர்த்தனாரி பத்து நாள் கழித்து வந்தபோது, கேழ்வரகு மாவோடு அம்சவேணியின் புத்தகங்களையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்து வந்திருந்தார். தனித்தேர்வர்களுக்குப் பரீட்சை இதே ஊரில்தான். வார்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

“நான் போவுல” என்றாள் அம்சவேணி.

காளியண்ணன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். தலையைத் திருப்ப விடமாட்டார்கள். “மூணு மாசம் நான் கேட்டது எல்லாம் வீணா கண்ணு? போயி எழுதிப்போட்டு வா.”

மிச்சமிருந்த நாட்களில் அவள் வராந்தாவில் உட்கார்ந்து படித்தாள். படித்ததை யாருக்கும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் பாவாயி பார்த்தாள். அம்சவேணி அறிவியல் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கதவு வழியே தெரிந்த அப்பனின் கால்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி வைத்து நினைத்துப் பார்க்கிற அந்த முறைதான் என்று பாவாயி நினைத்துக்கொண்டாள்.

கணக்குக்குப் போய் வந்தாள். மூன்று நாள் கழித்து அறிவியலுக்குப் போய் வந்தாள். காளியண்ணன் அன்றைக்கு முழுக்க அவள் வருகிற நேரத்தை நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன கேட்டிருந்தாங்க கண்ணு?”

“மறந்துட்டம்ப்பா” என்றாள் அம்சவேணி. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

சித்திரைக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கயிற்றுக் கட்டில் ஆகாது என்று அர்த்தனாரி பலகை போட்டு ஒரு கட்டில் செய்து கொடுத்தார். வளவே வந்து பார்த்தது. பலாப்பழ நாள் அது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு பழத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். வீடு முழுக்கப் பழ வாசனையும் ஈயும். இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகில் புண் வந்துவிட்டது. வைத்தியர் ஒருவர் வந்து எலும்பொட்டிப் பச்சிலையும் எண்ணெயும் கொடுத்தார். காலையும் மாலையும் பாவாயி அதைச் சூடுபண்ணி அவர் காலில் தேய்த்தாள்.

“சூடு தெரியுதுங்களா?”

“தெரியற மாதிரித்தான் இருக்குது புள்ள.”

ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கு நடந்தே வந்துவிடலாம் என்று வைத்தியர் சொன்னார். தன்னைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காளியண்ணன் அதைச் சொன்னார். வைத்தியரிடமும் அவர் கேட்காத கேள்வி இல்லை. எலும்பு எப்படி ஒட்டும், எதைக் கொண்டு ஒட்டும், ஒட்டினது தெரியுமா.

அம்சவேணி எல்லா வேலையும் செய்தாள். பீயும் மூத்திரமும் அள்ளினாள், புண் துடைத்தாள், சாமைக் காட்டில் களை எடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. அப்பன் கேட்டால் ஒரு வார்த்தை, அம்மா கேட்டால் அதுவும் இல்லை. எண்ணெய் தேய்க்கிற நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். வேனில் தான் சொன்ன சொல்தான் அவளைத் தின்கிறது என்று பாவாயி நினைத்தாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை. மகளின் தட்டில் இன்னொரு கரண்டி மொச்சைக் குழம்பை ஊற்றினாள். தலையில் எண்ணெய் வைக்கக் கூப்பிட்டாள். அம்சவேணி வந்து உட்கார்ந்தாள், வைத்ததும் எழுந்து போனாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள். சாரல் விடாமல் அடித்தது. சோளக்காட்டுக்கு உப்பு வாங்கப் போன பாவாயியிடம், டீக்கடைக்காரர் தபாலில் வந்த ஓர் உறையைக் கொடுத்தார். முந்தானைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தாள்.

அம்சவேணி உறையைப் பிரித்தாள். தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாள்.

“என்ன கண்ணு, போச்சா?” என்றார் காளியண்ணன்.

“இல்லப்பா. பாசு. கணக்குல அறுவத்தெட்டு. அறிவியல்ல எம்பத்தி நாலு.”

“எம்பத்தி நாலா!” காளியண்ணன் கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. “பாத்தியா புள்ள? மிக்சர் பேப்பரு பாரு! எம்பத்தி நாலு! கண்ணு, இப்பவாவது சொல்லு. என்ன கேள்வி வந்துச்சு? நீ என்ன எழுதின?”

அம்சவேணி தாளை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

பாவாயிக்குத் தாங்கவில்லை. “சொல்லேன்டி! நான் சொன்னது தப்புதான். வேனுல வவுறு எரிஞ்சு சொல்லிப்போட்டன். உம் படிப்பு ஒண்ணும் பண்ணுல. காத்தடிச்சுது, உழுந்துட்டாரு. எம் மேல இருக்கற கோவத்துக்கு உங்கப்பன எதுக்குத் தண்டிக்கற? பேசு அவருகிட்ட.”

“உம் மேல கோவமில்லம்மா.”

“அப்பறம் என்னடி?”

ஓட்டின் மேல் சாரல் இரைந்தது. காளியண்ணன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கடசி ரெண்டு பாடம் நீ எனக்குச் சொல்லவே இல்ல. நானும் நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தன். அதுலதான் கேட்டாங்களா?”

அம்சவேணி தலையாட்டினாள்.

“என்ன பாடம் கண்ணு அது?”

“நரம்பு மண்டலம்.”

“சரி. சொல்லு.”

“வேண்டாம்ப்பா.”

“எனக்குத்தான் ஒண்ணுந் தெரியாதே. சொல்லு. இல்லீன்னா யாரு எனக்குச் சொல்லுவா?”

அம்சவேணி முதலில் புத்தகத்தில் இருந்தபடியே சொன்னாள். பரீட்சையில் எழுதியதும் அதுதான் போலிருக்கிறது. தண்டுவடம் முதுகெலும்பின் உள்ளே பாதுகாப்பாக அமைந்துள்ளது. மூளையின் கட்டளைகளை உடலுறுப்புகளுக்கும், உறுப்புகளின் உணர்ச்சிகளை மூளைக்கும் எடுத்துச் செல்கிறது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

“அப்பிடி இல்ல. உம் வார்த்தையில சொல்லு” என்றார் காளியண்ணன்.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “முதுகெலும்பு கொழா மாதிரிப்பா. அதுக்குள்ள மெத்துமெத்துன்னு ஒரு கயிறு போவுது. மூள காலுக்கு நடன்னு சொன்னா, அந்தக் கயிறு வழியாத்தான் காலுக்குப் போவும். காலுல முள்ளுக் குத்துனா, அதே கயிறு வழியாத்தான் மேல வரும். வேற வழி இல்ல.”

“வேற வழியே இல்லயா?”

“இல்லப்பா.”

பாவாயி அடுப்படியில் எண்ணெய்ச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு மாசம் ஏணியடியில் எத்தனையோ பாடம் காதில் விழுந்தது. ஒன்றும் அவளுக்கு விளங்கியதில்லை. இது ஒரு சொல் விடாமல் விளங்கியது. இதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று புருஷனிடம் சொல்ல நினைத்தாள்.

“கொழா ஒடஞ்சு, கயிறும் நசுங்கிப் போச்சுன்னா?” என்றார் காளியண்ணன்.

“எலும்பு ஒட்டிக்கும்ப்பா.”

“கயிறு?”

அம்சவேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒட்டாது. மத்ததெல்லாம் புதுசா வளரும். தோலு வளரும், எலும்பு வளரும். அது வளராதுன்னு போட்டிருக்குது.”

“ஆறு மாசம் போனாலும்?”

“எத்தன மாசம் போனாலும்ப்பா.”

“ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே இது உனக்குத் தெரியுமா?”

“பரீட்சைக்கு நாலு நாள் முன்னால படிச்சன். அஞ்சு மார்க்குக் கேள்வியா வந்துச்சு. முழுசா எழுதுனன்ப்பா.” அவர் கையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

காளியண்ணன் மகளின் தலையைத் தடவினார். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். சாரல் கொஞ்சம் ஓய்ந்து, கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

“நல்லாத்தான் படிச்சிருக்கற கண்ணு” என்றார்.

பாவாயி எண்ணெய்ச் சட்டியைக் கொண்டுவந்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். “வேண்டாம் புள்ள. சட்டியக் கழுவி வெச்சிரு.”

மறுநாள் அர்த்தனாரியை வரச்சொல்லி, வருகிற தையிலிருந்து மிளகுக்கொடியை அவரே குத்தகைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காளியண்ணன் கேட்டுக்கொண்டார். அர்த்தனாரி அதெல்லாம் நீ எழுந்து நடப்பாய் என்றார். காளியண்ணன் சொன்னதையே மறுபடி சொன்னார். பதினோராம் வகுப்புக்குச் சேர்க்கைக் கெடு எப்போதோ முடிந்திருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தனசேகரன் வாத்தியார் சொல்லியனுப்பினார். ஒருத்தி காட்டுக்குப் போனால் ஒருத்தி வீட்டில் இருந்து அவரைப் புரட்ட வேண்டும். அடுத்த வருஷமும் அப்படித்தான் இருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. மார்க் தாளை அம்சவேணி டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தாள். காலையில் எழுந்து கூலிக்குப் போனாள்.

ஆடிப் பதினெட்டு அன்று வளவுச் சனம் மேளம் கொட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிற்று. வாசல் வழியாகத்தான் போனார்கள். யார் யார் போகிறார்கள், யார் தோளில் யார் பிள்ளை என்று காளியண்ணன் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்; காலையில் பாவாயிதான் அந்தப் பக்கம் புரட்டியிருந்தாள். அம்சவேணி வேலை விட்டு வந்து, வழியில் மான் பார்த்தேன் என்றாள். எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. “ம்” என்றார்.

ஆவணியில் ஒருநாள் பாவாயி செம்மேட்டுச் சந்தைக்குப் போய்விட்டுப் பொழுதோடு திரும்பினாள். கூடையை இறக்கி வைத்தாள். முன்பெல்லாம் அவள் கால் கழுவுவதற்குள் பத்துக் கேள்வி வந்துவிடும். மிளகு என்ன விலை, மழை அங்கே உண்டா, பஸ்ஸில் யாரைப் பார்த்தாய், புதுசாக என்ன கடை. அவள் எரிச்சலோடு ஒன்றிரண்டுக்குப் பதில் சொல்வாள். இப்போது அவர் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பாவாயி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, அவரைத் தன் பக்கமாகப் புரட்டி, முதுகுக்கு அண்டையாகத் துணிமூட்டையை வைத்தாள்.

“மொளகு நாலு ரூவா எறங்கிப்போச்சுங்க” என்று ஆரம்பித்தாள். “மேக்கால அன்னாசிக்காரன் புதுசா ஒருத்தன் வந்து ஒக்காந்திருக்கறான். காரவள்ளில ரோட்டு மேல பாற உழுந்து பஸ்ஸு ரெண்டு மணி நேரம் நின்னுதாம். எந்த வளைவுலன்னு கேட்டுக்கிட்டு வருல. அடுத்த வாரம் போனாக் கேட்டுக்கிட்டு வாரன்.”

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.